குருணை அரிக்க ஓர் உருளை, ஒரு தொட்டி, நாலு சுளகு

கடற்கரை மணலிலிருந்து பிளாஸ்டிக் குருணையைப் பிரித்தெடுக்க நாங்கள் செய்த ஏற்பாடு ஒருவழியாக உருப்படியாக வேலை செய்கிறது. சைக்கிள் ரிம்மில் கட்டிய சுழல் சல்லடை ஒன்று, நீல டிரம்மை நெடுக்காகப் பிளந்த தொட்டி ஒன்று, வீட்டுச் சுளகு, அதாவது முறம், நாலு. இதில் பணத்தை அதிகம் தின்றது சல்லடை. வேலையை அதிகம் செய்வது தொட்டி. வேறு கரைக்காரர்கள் யாராவது இதில் இறங்கினால் எங்கள் வரிசையிலேயே செலவழிக்க வேண்டாம் என்பதற்காக அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

2025 மே 24 அன்று விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் ஒருபக்கமாகச் சரிந்தது. மறுநாள் மூழ்கியது. அதிலிருந்தவை சுமார் 640 கண்டெய்னர்கள். சிலவற்றில் மூட்டை மூட்டையாகக் குருணை, அதாவது வாளி, குடம், பைப் செய்கிற தொழிற்சாலைகள் உருக்குவதற்கு வாங்கும் மூலப்பொருள். மே மாதம் முடிவதற்குள் அது திருவனந்தபுரம் கரையிலும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கரையிலும் ஒதுங்க ஆரம்பித்துவிட்டது. பிறகு தனுஷ்கோடியிலும் ஒதுங்கியது. எங்கள் கைக்கு வந்தது குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில் ஒரு துண்டுக் கடப்புறம்.

கிழியாத மூட்டைகளைத் தூக்குவது எளிது. அதையெல்லாம் முதலிலேயே எடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது உதிரி. ஜவ்வரிசி மாதிரி இருக்கும், 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை. ஆயிரம் மணிகளை எண்ணி, ஒரு நண்பரின் நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன்: 22 கிராம். அந்தக் கணக்கில் 25 கிலோ மூட்டை ஒன்று உடைந்தால் பதினோரு லட்சம் மணிகளுக்கு மேல் சிதறும். குனிந்து பொறுக்குகிற ஆசையை அந்தத் தராசு அன்றைக்கே தீர்த்துவைத்தது.

வேலை தொடங்கும் முன் கையுறை, ரப்பர் செருப்பு, முகக்கவசம். கரையில் கண்டெய்னரோ அதன் உடைசலோ கிடந்தால் 200 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கேரளத்தில் அறிவித்ததை நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். அந்தக் கப்பலின் 12 கண்டெய்னர்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. அதில் தண்ணீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும், வெல்டிங் பட்டறையில் எரிகிற அதே வாயுதான். அப்புறம், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அலை தொடும் இடத்துக்கு விடுவதில்லை. ஆனி, ஆடிக் கடல் விளையாட்டுக்கு ஆகாது.

முதலில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தோம். தேயிலை வடிகட்டி, மாவுச் சல்லடை, கொசுவலையை மரச்சட்டத்தில் அடித்த அரிப்பு. மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் கரிமணல் என்பது தெரிந்ததுதானே, இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் கலந்தது. அது இங்கே எங்களுக்குச் சாதகமாகவும் இருந்தது, பாதகமாகவும் இருந்தது. மணல் மிகப் பொடியானதால் காய்ந்திருக்கும்போது கொசுவலையில்கூட நீர் மாதிரி இறங்கிவிடும். ஆனால் கனம்! கொத்தனார்ச் சட்டி ஒன்றில் ஆற்று மணல் 16 கிலோ நிற்கும் என்றால் இது 21 கிலோ நின்றது. கொசுவலைச் சட்டத்தை இரண்டு பேர் பிடித்து ஆட்டினால் பத்து நிமிடத்தில் தோள் கழன்றுவிடும், வலையும் நடுவில் தொங்கிக் கிழியும்.

இந்தக் கட்டத்தில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்று. மம்பட்டி பிடித்துத் தோண்டக் கூடாது. அன்றன்றைக்கு ஏறும் அலை விட்டுப்போகிற கோட்டில், பாசியும் தக்கையும் செருப்பும் கிடக்கிற அந்த வரியில்தான் குருணையும் படியும். மேல் இரண்டு சென்டிமீட்டரை மட்டும் குப்பை முறத்தாலோ தகரத் துண்டாலோ சீவி எடுத்தால் போதும். மம்பட்டியால் வெட்டினால் ஒரு சட்டி குருணை மணலோடு ஐந்து சட்டி சும்மா மணலும் வரும், அத்தனையையும் சலிக்க வேண்டும். மேட்டில் அடம்பன் கொடியும் ராவணன் மீசையும் படர்ந்திருக்கிற இடத்தில் கை வைப்பதே இல்லை. அங்கே காற்று கொண்டுபோய்ப் போட்ட குருணை கொஞ்சம் இருக்கிறதுதான். அதற்காகக் கொடியைப் பிடுங்கினால் மணலைப் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் கலந்தது. இலங்கைக் கரைகளில் அப்போது சுழலும் உருளைச் சல்லடைகளை வைத்து மணலைச் சலித்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் எங்களுக்கும் உருளை ஆசை வந்தது.

பழைய இரும்புக் கடையில் 28 இஞ்சு சைக்கிள் ரிம் மூன்று, ஒன்று 150 ரூபாய். ஸ்போக்ஸைக் கழற்றிவிட்டால் ரிம்மின் உள்பக்கம் ஓட்டைகள் தயாராக இருக்கும், முன்சக்கர ரிம்மில் 32. துளை போடும் வேலை மிச்சம். வலைக்கு 8 மெஷ், அதாவது இஞ்சுக்கு எட்டுக் கண் உள்ள, துருப்பிடிக்காத எஃகு வாங்கினோம். கண்ணின் அகலம் ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர், மணல் இறங்கும், குருணையில் பெரும்பகுதி நிற்கும். நாலடி அகலச் சுருளில் ஆறரை அடி வெட்டினோம். ரிம்மின் உள்சுற்று 1.92 மீட்டர், அதற்கு மேல் ஐந்து சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சதுர அடி 85 ரூபாய் என்று 2,210 ஆயிற்று. ஜிஐ வலை இதில் பாதி விலைதான், உப்புக் காற்றில் ஒரு பருவம் தாங்காது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார்.

வலையை ரிம்களுக்கு உள்பக்கமாக வைத்து, ஸ்போக்ஸ் ஓட்டை வழியாகச் சின்ன போல்ட்டும் அகல வாஷரும் போட்டு முடுக்கினோம். ஒரு முனையில் ஒரு ரிம், மறுமுனையில் ஒன்று, வலை தொங்காமலிருக்க நடுவில் ஒன்று. நீளவாக்கில் 20க்கு 3 மில்லிமீட்டர் பட்டைக் கம்பி நான்கு. உள்ளே மூன்று இடத்தில் அலுமினியத் தகட்டை எல் வடிவில் மடித்து ரிவெட் அடித்தோம், மணலைக் கொஞ்சம் தூக்கிப் போடுவதற்கு. சட்டம் 25 மில்லிமீட்டர் எல் ஆங்கிள். ஊற்றுவாய் ஒரு 15 கிலோ எண்ணெய் டின்.

உருளையைச் சுற்றுவதற்குச் சைக்கிள் பெடலும் செயினும் பொருத்தியதுதான் முதல் வீண் செலவு. பார்க்க அழகாக இருந்தது, மாணவர்கள் படமெல்லாம் எடுத்தார்கள். முதல் வாரமே செயினில் மணல் ஏறி, உப்பு பிடித்து, அசையவில்லை. எண்ணெய் விட்டால் இன்னும் அதிகமாக மணல் ஒட்டியது. கழற்றிப் போட்டுவிட்டு, கையுறை போட்ட கையால் நடு ரிம்மைத் தள்ளிவிடுகிற முறைக்கு வந்தோம். அதில் ஒரு குறையும் இல்லை. உருளை உட்கார்ந்து ஓடுவதற்குப் போட்ட டிராலி சக்கரங்களுக்கும் அதே கதி, உள்ளே இருக்கும் பால்ரஸ் எல்லாம் இறுகிவிட்டது. பிறகு லேத் பட்டறையில் நைலான் கட்டையை 20 மில்லிமீட்டர் அகலத்தில் கடைந்து, 12 மில்லிமீட்டர் எஃகு போல்ட்டில் மாட்டினோம். ரிம்மின் வெளிப் பள்ளத்துக்குள் நைலான் உருளை தானாகவே அமர்ந்து ஓடும், விலகாது. ஒன்று 80 ரூபாய். பேரிங் இல்லாததால் கெட்டுப்போக ஒன்றும் இல்லை.

சரிவைச் சரிசெய்ய நேரம் பிடித்தது. நாலடி நீளத்துக்கு நாலு இஞ்சு தாழ்த்தியபோது மணல் சலிக்காமலேயே மறுமுனையில் கொட்டியது. இரண்டு இஞ்சில் நின்றது. நிதானமாக மூன்று விநாடிக்கு ஒரு சுற்று போதும். வேகமாகச் சுற்றினால் மணல் வலையோடு ஒட்டிக்கொண்டே சுற்றுகிறது, கீழே விழுவதில்லை. கூலி, பெயிண்ட், கழித்துப்போட்ட செயின், சக்கரம் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது.

காய்ந்த மணலில் உருளை பிரமாதமாக ஓடியது. நிமிடத்துக்கு ஒரு சட்டி. ஆனால் எங்கள் ஊரில் ஜூன் மாதத்தில் காய்ந்த மணலை எங்கே போய்த் தேடுவது? தென்மேற்குப் பருவமழை தூறிக்கொண்டே இருக்கிறது, அலைச் சாரல் வேறு. ஈர மணல் உருளைக்குள் உருண்டையாகத் திரண்டு, குருணையையும் தனக்குள் பொதிந்துகொண்டு, மறுமுனையில் முழுதாக வந்து விழுந்தது. வலைக் கண்கள் பூசினாற்போல் அடைத்துக்கொண்டன. வெல்டிங் செய்த நண்பர் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, "மக்கா, இத வெயில் வரட்டும்னு தார்ப்பாயப் போட்டு மூடி வை" என்றார். தார்ப்பாயில் மணலைப் பரப்பிக் காயவைத்தும் பார்த்தோம். வெயில் கிடைத்த நாளில் சரி. கிடைக்காத நாளில் ஈரத்துக்கு மேல் ஈரம்.

ஈரத்தோடு சண்டை போடுவதற்குப் பதிலாக முழுசாக நனைத்துவிடலாமே என்ற யோசனை தொட்டியில் கொண்டுபோய் விட்டது. கடலில் மிதந்து கரைக்கு வந்த குருணை தொட்டித் தண்ணீரிலும் மிதக்கத்தானே வேண்டும். வந்தது பாலிஎத்திலீன், தண்ணீரைவிட லேசானது, நல்ல தண்ணீரிலும் மிதக்கும். இது முக்கியம், ஏனென்றால் பருவமழைக் கடலில் இறங்கி வாளியில் தண்ணீர் மொள்ளும் வேலைக்கு யாரையும் அனுப்ப எனக்கு மனசில்லை. மீன் ஏலக் கூடத்துக் குழாயில் பிடித்தோம்.

200 லிட்டர் நீல டிரம் பழசு, 900 ரூபாய். கிரைண்டர் வைத்து நெடுக்காகப் பிளந்தால் மூன்றடி நீளத்தில் இரண்டு தொட்டி. ஒன்றின் ஓரத்தில், விளிம்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அகல வாய் வெட்டினோம். வாயின் கீழே கொசுவலையில் தையல்காரர் தைத்துத் தந்த பை, பைக்குக் கீழே மறுபாதி டிரம். மேல் தொட்டியில் தண்ணீரை வாய் மட்டத்துக்கு நிரப்பி, மணலைப் போட்டுத் துடுப்பால் கலக்கி, வாளியால் இன்னும் கொஞ்சம் ஊற்றினால் மிதப்பதெல்லாம் வாய் வழியாகப் பைக்குள் போகும். தண்ணீர் கீழ்த் தொட்டியில் விழும், அதையே திரும்ப மொண்டு ஊற்றலாம். மொத்தம் 1,500 ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கேதான் கரிமணலின் கனம் கைகொடுத்தது. கலக்கி நிறுத்திய சில விநாடிகளில் மணல் அடியில் போய் உட்கார்ந்துவிடும், தண்ணீர் கலங்கி நிற்பதில்லை. ஆனால் சட்டியை அப்படியே கவிழ்த்தால் கூடாது. குருணை மணலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு மேலே வரவே வராது. ஒருவர் கலக்கிக்கொண்டே இருக்க, இன்னொருவர் கையால் தூவ வேண்டும். தார்ப்பாயில் அரைகுறையாகக் காய்ந்த மணலைப் போட்டபோது வேறொரு கோளாறு: பொடி மணல் தண்ணீர்மேல் ஏடு படிந்தாற்போல் மிதந்து அதுவும் பைக்குள் போயிற்று. ஒரு மாணவர் துணி சோப்புத்தூள் ஒரு சிட்டிகை போட்டால் ஏடு அறுந்துவிடும் என்றார். அறுந்திருக்கும். ஆனால் அந்தத் தண்ணீரைக் கடைசியில் கடப்புறத்தில்தானே கொட்டப் போகிறோம். மணலை முதலிலேயே சட்டியில் நனைத்துக்கொண்டால் அந்தத் தொந்தரவே இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஒரு தடவைக்கு இரண்டு சட்டி. அதற்கு மேல் போட்டால் தொட்டியைக் கவிழ்க்க முடியாது. ஒரு பக்க விளிம்பில் கயிறு கட்டி, இரண்டு பேர் இழுத்தால் தொட்டி பக்கவாட்டில் சாயும், மணல் அந்த இடத்திலேயே கரையில் விழும். குட்டி நண்டுகள் வந்தால் அதோடு போய்விடும். நாலு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். உருளையைவிட வேகம் பாதிதான், ஆனால் மழையிலும் நிற்காது.

தொட்டிக்குப் பின்னால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. குருணையோடு பாசித் துணுக்கு, சவுக்கு ஊசி, தக்கைப் பொடி, தெர்மாகோல் மணி எல்லாம் மிதந்து பைக்குள் கிடக்கும். கையால் பொறுக்க உட்கார்ந்தவர்கள் கண் பூத்துப் போனார்கள். மகளிர் குழுவிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர், "இத நாலு நாழி காயப் போட்டுச் சுளகுல புடைச்சா போச்சு" என்றார். மறுநாள் அவரே சுளகோடு வந்தார். காய்ந்தபின் புடைத்தால் பாசியும் தெர்மாகோலும் பறந்துவிடுகின்றன, குருணை சுளகின் அடியில் சேர்ந்து நிற்கிறது. திறந்த வெளியில் செய்தால் தெர்மாகோல் முழுக்கத் திரும்பவும் கடப்புறத்துக்கே போகும் என்பதால் பங்குச் சமூகக் கூடத்துக்குள், கீழே பழைய வேட்டி விரித்துப் புடைத்தோம். சவுக்கு ஊசியில் கொஞ்சம் தங்கிவிடும். அதை விட்டுவிட்டோம். குப்பைப் பைக்குள் ரெண்டு சவுக்கு ஊசி கிடந்தால் யாருக்கு நஷ்டம்?

உருளை என்ன ஆயிற்று? அதற்கும் இடம் கிடைத்தது. வெயில் நாளில் அதை முதல் கட்டமாக வைத்தால் பத்துச் சட்டி மணல் ஒரு சட்டியாகச் சுருங்குகிறது. வெளியே வருவது குருணையும் அதே பருமனுள்ள கிளிஞ்சல் துண்டும். கண்ணின் அளவை எப்படி மாற்றினாலும் இவை இரண்டையும் சல்லடை பிரிக்காது. அந்த ஒரு சட்டியைத் தொட்டியில் போட்டால் கிளிஞ்சல் அடியில், குருணை மேலே. ஆக, தொட்டி இல்லாமல் உருளைக்கு வேலையே இல்லை. உருளை இல்லாமல் தொட்டி ஓடும்.

கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களின் இடுக்குதான் கடைசிவரை தலைவலி. பெரிய கருங்கற்கள், நடுவே கை நுழையாத சந்து, உள்ளே வெள்ளை வெள்ளையாகத் தெரியும். ஒருவரிடமிருந்து ஈரத்தையும் உறிஞ்சும் வாக்குவம் கிளீனரும் ஜெனரேட்டரும் இரவல் வாங்கிப் போனோம். பாசியும் மணலும் குழாயை அடைத்ததைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை, ஜெனரேட்டரை அந்தக் கற்கள் மேல் தூக்கிப்போனதுதான் பெரிய வேலை. அடி அடைத்துத் தண்ணீர் தேங்குகிற சந்துகளில் மட்டும் வேறொரு வழி பலித்தது: இரண்டு வாளி தண்ணீரை உள்ளே ஊற்றினால் குருணை மேலே எழும்பி வரும், மீன் தொட்டி வலையால் அள்ளிவிடலாம். அடி ஒழுகும் சந்துகளில் இருப்பதை அடுத்த அலைதான் வெளியே தள்ள வேண்டும்.

ஆள் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. பேனரோடு நூறு பேர் வந்த நாளைவிட, எட்டுப் பேர் காலையிலிருந்து நின்ற நாளில்தான் அதிகம் சேர்ந்தது. இரண்டு பேர் சீவ, ஒருவர் சுமக்க, இரண்டு பேர் தொட்டியில், ஒருவர் தண்ணீருக்கு, இரண்டு பேர் புடைக்க. இதற்கு மேல் வந்தால் இன்னொரு தொட்டி வேண்டும், இல்லாவிட்டால் மீதிப்பேர் மணலை மிதித்துக் குருணையை உள்ளே அழுத்திக்கொண்டிருப்பார்கள். விசைப்படகுகளுக்கு மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் தடைக்காலம் என்பதால் கடல் வேலை தெரிந்த ஆட்கள் கரையில் இருந்தார்கள். எந்த நேரத்தில் தண்ணீர் இறங்கும், எந்த மூலையில் நீரோட்டம் குப்பையைக் கொண்டுவந்து ஒதுக்கும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னதுதான்.

சேர்த்த குருணையைச் சாதாரண உரச் சாக்கில் கட்டியது நல்ல யோசனை அல்ல. வெயிலில் சாக்கு நைந்து, தூக்கும்போது அடி பிய்ந்து, பிரித்தெடுத்ததில் ஒரு பங்கு மறுபடியும் மணலுக்கே போனது. இப்போது உள்ளே கெட்டிப் பாலித்தீன் பை, வெளியே சாக்கு, பத்துக் கிலோவுக்கு மேல் கட்டுவதில்லை, தேதியும் எடையும் அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறோம். எடுத்துப்போக வண்டி வருகிறேன் என்று சொன்ன நாளுக்கும் வந்த நாளுக்கும் நடுவே நிறைய இடைவெளி இருந்தது. அதனால் மூட்டைகளை மழை படாத, நாய் கீறாத இடத்தில் வைக்க, வேலை தொடங்கும் முன்பே ஓர் அறை பேசிவைப்பது நல்லது. பிளாஸ்டிக் பட்டறைக்கு விற்றுவிடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. கப்பலின் வேறு சரக்குகளோடு கலந்து கடலில் கிடந்தது, நஷ்டஈட்டு வழக்கும் இருக்கிறது. எடை போட்டு ஒப்படைப்பதோடு நம் வேலை முடிந்தது.

ஆனி, ஆடியில் அலை கரையைத் தின்னும், செப்டம்பருக்குப் பின் மணல் திரும்பி வந்து மேடாகும். அந்த மணலோடு குருணையும் அடுக்கடுக்காகப் புதைந்திருக்கிறது. ஓர் இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பார்த்தபோது, ஒரு சாண் கீழே வெள்ளை வரி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அடுத்த பருவத்தில் அலை மேல்மணலை வாரியதும் அது வெளியே வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம். இப்போதே தோண்டுவதில் லாபமில்லை.

திரும்பச் செய்வதானால் முதலில் ஒரு டிரம்மைப் பிளந்து, நாலு கொசுவலைப் பை தைத்து, அத்தோடு கரையில் இறங்குவேன். உருளைக்கு இரண்டாம் மாதம் யோசிக்கலாம். அதையும் நாலடிக்குப் பதில் மூன்றடியாக, இரண்டு பேர் தூக்கும் எடையில் செய்வேன். இப்போது இருப்பதை வண்டியில் ஏற்ற ஐந்து பேர் வேண்டியிருக்கிறது. வலையில் 10 மெஷ் போட்டுப் பார்க்க ஆசை, இரண்டு மில்லிமீட்டர்க் குருணை இப்போது நழுவிப் போகிறது. தொட்டிக் கவிழ்ப்புக்குக் கயிற்றுக்குப் பதில் நடுவில் ஒரு ஜிஐ பைப் அச்சு. பழைய டிரம் வாங்குகிறவர்கள் அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் வந்தது ஏதோ ஆசிட் டிரம், மூன்று தரம் கழுவியும் வாடை போகாமல் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். சர்பத்தோ சமையல் எண்ணெயோ வந்த டிரம் என்றால் கழுவிவிட்டுக் கிரைண்டரை வைக்கலாம்.